ஒன்றரை வேகத்தில் அண்ணி

என் அண்ணியால் சும்மா உட்கார முடியாது. நாத்தனார் என்றால் குறைதான் சொல்வாள் என்று நினைப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுப் பேசட்டும். ஒரு காலில் செருப்பை மாட்டும்போதே கதவைப் பூட்ட ஆரம்பித்துவிடுவாள். பால் பொங்குவதற்குள் நாலு பாத்திரம் கழுவிவிடுவாள். யாராவது பேச வாயெடுத்தால் மீதி வாக்கியத்தை அவளே முடித்துவிடுவாள். அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தது நான்தான். அது அவளுக்கும் தெரியும்.

அவள் பார்க்கும் வேலையும் அப்படி. ஊருக்கு வெளியே ஒரு பெரிய சரக்குக் கிடங்கில், கேமரா அறையில் இருக்கிறாள். ஒரு பெட்டி காணாமல் போனாலோ உடைந்து போனாலோ, பழைய பதிவை ஓடவிட்டு அது எந்த நிமிடத்தில் யார் கையில் இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். எட்டு மணி நேரப் பதிவை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடுவாள். திரையில் ஆட்கள் எறும்புகளாக ஓடிக்கொண்டிருக்க, இவள் டீயை உறிஞ்சிக்கொண்டே, “நிறுத்து, நீலச் சட்டைக்காரன், இடது கை” என்பாளாம். பத்தொன்பது வருடம் அப்படிப் பழகிய கண். வீட்டுக்கு வந்து பார்த்தால் நாமெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரிதான் அவளுக்குத் தெரியும்.

அண்ணன் நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளன். கிளட்ச்சை எப்படி விடுவது என்று கால் மணி நேரம் விளக்குவான். கற்றுக்கொள்பவர் பயத்தில் வண்டியை மரத்துக்கு நேராக விட்டாலும் குரல் ஏறாது. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன், ஆனால் நான் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒன்று பேசுவான்.

அந்த ஒன்றும் போன மழைக்காலத்தில் நின்றுபோனது. காலையில் குளித்துவிட்டுத் துண்டு கேட்க வாயைத் திறந்தான், சொல் வரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. கை கால் இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது அவனுக்குப் புரியும். சொல்ல வேண்டியதும் அவன் மனதில் இருக்கும். அது வாய்க்கு வந்து சேரத்தான் நேரமாகும், சில சமயம் ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகும்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி இருந்தாள். சின்ன வயது, ஆனால் பேச்சில் சுற்றி வளைக்கிற வேலையே கிடையாது. “முதல் ஆறு மாசம்தான் முக்கியம். இப்ப எவ்வளவு பேசறாரோ அவ்வளவுக்குத் திரும்ப வரும். அப்புறமும் வரும், ஆனா ரொம்பப் போராடணும்” என்றாள். அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் அண்ணன் முப்பத்தொரு சொல் பேசினான். அவள் அதை எண்ணித் தாளில் குறித்துக்கொண்டாள்.

“சாருக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டாள். அண்ணனின் உதடு அசைவதற்குள், “சினிமா! அதுலயும் பழைய படம்தான்” என்று பதில் வந்துவிட்டது. யார் சொன்னது என்று எழுதத் தேவையில்லை.

“நல்லதாப் போச்சு. வாரம் ரெண்டு படம் பாருங்க. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. பழசுல தெரிஞ்ச வார்த்தை திரும்பி வரும், புதுசுக்குப் புதுசா தேடணும். முடிஞ்சதும் பத்துக்கு எத்தனை மார்க், எதனாலன்னு அவரே சொல்லணும். நீங்க எழுதி வைங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது.” அங்கே கூட்டம் அதிகம். அடுத்த முறை வர மூன்று மாதம் கழித்துத்தான் நாள் கிடைத்தது.

மறுநாளே அண்ணி நோட்டு வாங்கி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டுவிட்டாள். படம், பழசா புதுசா, மார்க், காரணம். ஞாயிறு மதியம் இரண்டு படம் என்று ஏற்பாடு. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், எனக்கும் ஞாயிறுதான் விடுமுறை. மதியம் போய்விட்டு ஐந்தரை பஸ்ஸில் திரும்புவேன்.

முதல் ஞாயிறு, கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கப்பல் கேப்டன் மூழ்கும் கப்பலில் நின்று மூன்று பாட்டுப் பாடிவிட்டுச் செத்துப்போகிறார். கேப்டன் என்ன, அவ்வளவு அவசரமாகப் பாடுகிறார் என்று பார்த்தால், அண்ணி ரிமோட்டை வைத்து ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டிருக்கிறாள்.

“பின்ன? ரெண்டு படம் அஞ்சரைக்குள்ள முடியணுமே. உனக்கும் பஸ் இருக்கு” என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

படம் முடிந்தது. அண்ணி பேனாவைத் திறந்தாள். “எத்தனைங்க?”

அண்ணன் கையை முன்னால் நீட்டினான். உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. நெற்றி சுருங்கியது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

“எட்டா? எட்டுத்தானே?”

அவன் அவளைப் பார்த்தான். தலையை ஆட்டினான். “காரணம், பாட்டு. சரியா?” மறுபடி ஆட்டினான். அவள் எழுதி முடித்துவிட்டாள்.

“அண்ணி, அவனையே சொல்ல விடுங்களேன்.”

“இருபத்திரண்டு வருஷமா கூடவே இருக்கேன். அவர் மனசுல ஓடறது எனக்குத் தெரியாதா? பாவம், அவரை எதுக்குத் திணற விடணும்?”

அவள் சொன்னது பொய் இல்லை. அவன் ஒரு சொல்லுக்காகத் தவிக்கும்போது அவளுக்கு மூச்சு முட்டும், பக்கத்தில் இருந்த நான் பார்த்திருக்கிறேன். பொறுமையில்லாதவள்தான், ஆனால் அந்தப் பொறுமையின்மையில் பாதி பயம். அந்த அமைதி அவன் இனி இப்படியே இருந்துவிடுவான் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்க மாட்டாமல்தான் நடுவில் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டு அடைத்தாள்.

புதுப்படங்கள் இன்னும் மோசம். ஐந்து பேர் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் கத்தினார்கள், அதுவும் ஒன்றரை வேகத்தில். அண்ணன் கொஞ்ச நேரத்திலேயே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “மூணு மார்க். வெறும் சத்தம், ஒண்ணும் புரியல” என்று அண்ணியே எழுதினாள். அவனும் தலையாட்டினான். புரியவில்லை என்பது மட்டும் உண்மைதான்.

இப்படிப் பதின்மூன்று ஞாயிறு, இருபத்தாறு படம். நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. அண்ணிக்குக் காரணம் கிடைக்காவிட்டால் நானும் கைகொடுத்தேன். “கேப்டன் தண்ணில விழுந்தும் தொப்பி மட்டும் கழண்டு விழல” என்று அந்த முதல் படத்துக்கே இன்னொரு காரணமும் எழுதியிருக்கும், அது நான் சொன்னது. மூன்று பேரும் சிரித்தோம், அல்லது மூன்று பேரும் சிரித்ததாக நான் நினைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் “தண்ணி”, “வேணாம்” என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணன், கையைக் காட்ட ஆரம்பித்தான். கையைத் தூக்குவதற்குள் தண்ணீர் வந்துவிட்டதால் பிறகு அதையும் விட்டுவிட்டான். பழகிவிட்டான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

நான்காம் மாதம் மருத்துவமனைக்கு நானும் போனேன். பயிற்சிப் பெண் நோட்டைப் புரட்டப் புரட்ட அவள் முகம் மலர்ந்தது.

“அடேயப்பா! தொப்பி கழண்டு விழலன்னு எவ்வளவு நுணுக்கமா கவனிச்சிருக்காரு!” அண்ணன் பக்கம் திரும்பினாள். “சார், இந்தத் தொப்பி விஷயத்தை எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க.”

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி வாயைத் திறந்தாள். பயிற்சிப் பெண் கையை உயர்த்தித் தடுத்தாள். நான் என் பையின் ஜிப்பை இழுத்தேன், மூடினேன். கடைசியில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இதெல்லாம் அவர் சொன்னதா?” அவள் பக்கங்களை மறுபடி பார்த்தாள். “புதுப்படம் எல்லாத்துக்கும் புரியலன்னே இருக்கே. சத்தம் சரியா கேக்குதா? வீட்டுல எப்படிப் பாக்கறீங்க?”

“ஒன்றரை வேகத்துல” என்று நான் உளறிவிட்டேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “நாம சாதாரணமா பேசறதே அவருக்கு வேகம். அதை இன்னும் ஓட்டினா அவர் எதைப் பிடிப்பாரு?” பிறகு ஐந்து நிமிடம் அவனைப் பேசவைத்து எண்ணினாள். பதினாலு சொல். பழைய தாளையும் புதுத் தாளையும் அண்ணி முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “முப்பத்தொண்ணு இருந்தது. நாலு மாசம் போயாச்சு, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. வீட்டுல அவருக்குப் பேச இடமே கிடைக்கலன்னா நான் இங்க உக்காந்து என்ன பண்ண முடியும், நீங்களே சொல்லுங்க.”

வெளியே நீண்ட நடைவழி. அண்ணி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். “அவர் வாயை நானே அடைச்சிட்டேன்டி” என்றாள். “திருடனைக் கண்டுபிடிக்கிறேன்னு பத்தொன்பது வருஷமா சம்பளம் வாங்கறேன்.” மூன்று மாதமாக அவளிடம் சொல்லக் காத்திருந்த ஒரு குத்தல் பேச்சு என் நாக்கு நுனியில் இருந்தது. தொப்பி ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஒரே படம்தான். ரிமோட் அண்ணன் கையில். இரட்டைச் சகோதரிகள் ஒரு பியானோவுக்காகச் சண்டை போடும் கறுப்பு வெள்ளைப் படம், அதன் சொந்த வேகத்தில். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். அண்ணி ஆக்கவே பொறுக்காதவள். கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். கால் ஆடியது. எழுந்து போய் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்தாள். திரும்பி வந்தபோதும் மூத்த சகோதரி பியானோவைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். “இன்னுமா?” என்று முனகினாள். மறுபடி போய்க் குழாயை மூடினோமா என்று பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்குள் வீட்டில் திறந்திருந்தது எல்லாம் மூடியாகிவிட்டது, அவள் மட்டும் அடங்கவில்லை.

படம் முடிந்தது. “எத்தனைங்க?”

அண்ணன் உதட்டைக் குவித்தான். அரை நிமிடம். அண்ணி பேனா மூடியைக் கடித்தாள். ஒரு நிமிடம். பக்கத்து வீட்டுத் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. என் வாயிலும் ஏழு, எட்டு என்று எண்கள் முட்டின. அவன் முகம் சிவந்தது, கண்ணை மூடினான், திறந்தான். ஒன்றரை நிமிடம். அண்ணியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எழுந்தாள், நான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

“ரெண்டு” என்றான்.

“ரெண்...” அண்ணி தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இரண்டு என்று எழுதினாள். பொத்திய கையை எடுக்காமலேயே, “காரணம்?” என்றாள்.

இந்த முறை இன்னும் நீளமாகப் போனது. “பழைய... படம்... பிடிக்காது.”

“இந்தப் படமா?” என்று பாய்ந்துவிட்டாள். நான் அவள் இடுப்பில் குத்தினேன்.

அவன் தலையை அசைத்து மறுத்தான். “எ... எந்தப் பழைய... படமும்.”

அண்ணி நோட்டைக் கீழே வைத்துவிட்டாள். “அடக் கடவுளே! எனக்கும் பிடிக்காதுங்க! உங்களுக்குப் பிடிக்குதேன்னுதான் இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து கொட்டாவி விட்டேன்!”

அண்ணன் சிரித்தான். நோய் வந்தபின் அவன் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. “ஏங்க என்கிட்ட சொல்லல?”

“சொன்னேன்.”

“எப்போ?”

இதற்கு மூன்று நிமிடம் ஆனது. என் பஸ் அதற்குள் போயிருக்கும், போகட்டும். “கல்யாணம்... ஆகி... மூணாம் நாள்” என்றான். மீதியைத் தேடினான். கிடைக்காமல் கையைத் தூக்கி, வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் காட்டினான். பிறகு அதே கையால் அண்ணியைச் சுட்டினான்.

அண்ணிக்கு ஞாபகம் வந்துவிட்டது. குரல் இறங்கிவிட்டது. “‘எனக்குப் பழைய படம்னா’ அப்படின்னு ஆரம்பிச்சீங்க. ‘உயிராச்சே, எனக்கும்தான்’னு நானே முடிச்சிட்டேன். அதுக்கு மேல நீங்க ஒண்ணும் பேசல.” நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். “இப்ப சொல்லுங்க. அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க?”

எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. அண்ணியும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை.

“எனக்கு... பழைய படம்னா... தூக்கம்... வந்துடும்.”

தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழு வாக்கியம். நாலு மாதத்தில் இதுதான் முதல். அண்ணி ஐந்து சொல்லையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது, ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

பேனாவை மூடிவிட்டு அவள் அவன் முழங்காலில் கை வைத்தாள். “இது மாதிரி நான் பாதியில முடிச்சு வெச்சது இன்னும் எவ்வளவுங்க இருக்கு?”

“நிறைய” என்றான் அண்ணன். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவனுக்கு நேரமே ஆகவில்லை.