பாதியில் நிற்கும் ஆட்டம்

உளவியல் படிக்கும் என் மகள், வெளிநாட்டு மனநல விடுதி ஒன்றில் ஆறு வாரம் தொண்டு வேலை பார்த்துவிட்டு வந்தாள். உடம்பு இங்கே, மனசு அங்கே. கைக்கடிகாரத்தைக்கூட நம் ஊர் நேரத்துக்கு மாற்றவில்லை.

அங்கே சிகிச்சையில் இருக்கும், யாரிடமும் பேசாத ஒரு தையல்காரரோடு தினமும் செஸ் ஆடுவாளாம். ஊருக்குக் கிளம்புவதை அங்கிருக்கும் நோயாளிகளிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. இந்த மகராசி சொல்லவில்லை. கடைசி நாள், தான் காய் நகர்த்த வேண்டிய நேரத்தில் எழுந்து வந்துவிட்டாள்.

"பெரிய படிப்பு! போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?" என்று திட்டினேன்.

நேற்று அந்த விடுதியில் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ் எனக்குப் போன் செய்தார்.

"போர்டை யாரையும் தொட விடமாட்டேங்கிறார்மா. நாலு மணியானா வந்து உட்கார்ந்துடறார். இன்னிக்குத்தான் முதல்முதலா பேசினார். 'அந்தப் பொண்ணு நல்லா யோசிச்சே ஆடட்டும், அவசரமில்ல'ன்னார்."