எங்க ஆளுதான்

செலினின் கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து மதராஸ் பட்டாளத்தோடு சமையல்காரராகச் சிக்கந்தராபாத்துக்கு வந்தவர். பட்டாளம் வேறு ஊருக்குக் கிளம்பியபோது அவர் கிளம்பவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லாரும் ரயில்வேயில் சேர்ந்தார்கள். செலினும் அப்படித்தான். சிக்கந்தராபாத் ஸ்டேஷனில் முன்பதிவு கவுண்டர் வேலை. ஒரிசா, பீகார், வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ கட்டட வேலைக்கு வந்தவர்கள் ஊர் திரும்ப அவளிடம்தான் டிக்கெட் வாங்கினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் ஊர்ப்பெயரை எப்படி உச்சரித்தாலும் அவளுக்குப் புரிந்துவிடும். அதைத் தாண்டி அவர்களைப் பற்றி அவள் யோசித்ததில்லை.

மல்காஜ்கிரியில் அப்பா கட்டிய வீட்டிலேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணம் ஆன பின்னும் அங்கேயே இருந்தாள். கணவர் ஜெயகரன் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் ஒரு வாக்கியத்தில் பாதிச் சொற்கள் தெலுங்கிலும் உருதுவிலும் இங்கிலீஷிலும் இருக்கும். "சாயங்காலம் மழை வரும்போல, பாஹர் போக நக்கோ" என்பாள், வெளியே போகாதே என்பதற்கு.

வம்பு என்றால் ஒதுங்கிப் போகிற சுபாவம் அவளுக்கு. அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1969-இல், உள்ளூர்க்காரர்களுக்கே உள்ளூர் வேலை என்று ஊர் கொந்தளித்த நாட்களில், ஒரு கும்பல் அவர்கள் தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தது. வெளியூர்க்காரன் எவன் என்று கேட்டது. அப்பா விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். சின்னப் பெண்ணாக இருந்த செலின் அதைப் பிடித்துக்கொண்டாள். பிற்பாடு தெலங்கானா போராட்டத்தின்போது அலுவலகத்தில், "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்களிடமும் சிரித்துவிட்டு நகர்ந்தவள்தான்.

2018-ஆம் வருடக் கோடையில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. வடக்கிலிருந்து கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள், மொழி தெரியாத மாதிரி நடிப்பார்கள், பிஸ்கட் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றெல்லாம். கூடவே எந்த ஊர் என்றே தெரியாத ரத்தப் படங்கள். தெருவில் பிள்ளைகளை விளையாட விடுவது நின்றது. எதிர்வீட்டுச் சரத், ஜிம் நடத்துகிறவன், பையன்களைச் சேர்த்துக்கொண்டு பைக்கில் ரோந்து வர ஆரம்பித்தான். அவன் நடை பழகியதே செலின் வீட்டு முற்றத்தில்தான்.

பக்கத்து அபார்ட்மென்டில் ருக்மிணி இருந்தாள். கணவர் உமாசங்கருக்குக் காஞ்சன்பாக்கில் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள், சொந்த வீடு வாங்கி இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தெருவில் செலினோடு தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் ருக்மிணிதான். அவள் மகள் தேஜஸ்வினிக்கு நான்கு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும்.

அன்று செலினுக்கு வார விடுமுறை. துணி எடுக்க மாடிக்குப் போனவள் ருக்மிணியின் அலறலைக் கேட்டாள்.

"தேஜூ! ஐயோ, என் கொழந்தை!"

எட்டிப் பார்த்தாள். தெருமுனையில், வெளிறிய பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் தேஜஸ்வினியை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். ருக்மிணி ஓடிப்போய்க் குழந்தையைப் பிடுங்கினாள். அதற்குள் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. சரத் அந்தப் பெண்ணின் கையை முறுக்கிப் பிடித்து எந்த ஊர் என்று தெலுங்கில் கேட்டான். இன்னொருவன் ஹிந்தியில் கேட்டான். அவள் திருதிருவென்று விழித்தாள். முதல் அறை விழுந்தது.

செலின் படி இறங்கும்போதே தெரு நிறைந்துவிட்டது. கூடத்தில் இருந்த ஜெயகரன் எழுந்து வந்து வழியை மறித்தார்.

"உள்ள இரு செலின். நமக்குக் கைக்கு இந்த வம்பெல்லாம்?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது. கால்கள் மட்டும் நிற்கவில்லை. அவரை விலக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.

கூட்டத்துக்குள் அந்தப் பெண் தரையில் கிடந்தாள். உதடு கிழிந்திருந்தது. யாரோ அவள் முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்த, நான்கைந்து செல்போன்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஒருவன் பைக்கிலிருந்து இரும்புக் கம்பி ஒன்றை உருவினான். செலின் போலீஸைக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். ஆனால் போலீஸ் வருவதற்குள் இது முடிந்துவிடும். அவள் நேரே உள்ளே போய் அந்தப் பெண்ணின் மேல் குனிந்து, தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள்.

"விடுங்கடா! என் வீட்டுக்கு வேலைக்கு வந்தவ. எங்க ஊர்க்காரி. தமிழ்!" என்று தெலுங்கில் கத்தினாள்.

தன் வாயிலிருந்து வந்த பொய்யைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

சரத் கையை இறக்கினான், நம்பவில்லை. "ஆன்ட்டி, மீரு பக்ககி ஜரகண்டி" என்றான். தள்ளி நிற்கச் சொல்கிறான். அவள் நகரவில்லை. கூட்டத்தில் யாரோ, "அந்த அம்மாவும் தமிழ்தானே, அவளைக் கேக்கச் சொல்லு" என்றார்கள். எல்லாத் தலைகளும் ருக்மிணியின் பக்கம் திரும்பின. குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நடுங்கி நின்ற ருக்மிணியை இரண்டு பெண்கள் முன்னால் கொண்டுவந்தார்கள்.

ருக்மிணி தமிழில் கேட்டாள். "யார் நீ? எதுக்கு என் கொழந்தையைத் தூக்கினே?"

கேள்வி புரிந்தோ புரியாமலோ, அந்தப் பெண் அழுதபடி கொட்டித் தீர்த்தாள். செலின் வாழ்நாளில் கேட்டிராத மொழி. ஒரிய மொழியில்லை, வங்காளமில்லை. செலினையும் ருக்மிணியையும் தவிர அங்கே யாருக்கும் அது தமிழா இல்லையா என்று தெரியாது. ருக்மிணிக்குத் தெரியும்.

ருக்மிணி செலினைப் பார்த்தாள். இப்போது செலின் பேச வேண்டும், கூட்டத்துக்கு ஒரு சொல்கூடப் பிடிபடக் கூடாது. தெலுங்கும் உருதுவும் இங்கிலீஷும் கலக்காமல் அவள் எப்போது பேசினாள்? சொல் சொல்லாகத் தேடி, அன்றாடப் பேச்சு மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இவ நம்ம பேச்சு பேசல. எனக்கும் தெரியுது, உனக்கும் தெரியுது. நீ இல்லன்னுட்டா இவளை உயிரோட விட மாட்டாங்க."

"என் கொழந்தையைத் தூக்கிண்டு நின்னாளே அக்கா."

"ஏன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் கேட்டுக்கலாம். இப்ப ஆமான்னு சொல்லு."

ருக்மிணியின் முகம் கோணியது. தேஜஸ்வினி அவள் கழுத்தில் முகம் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள். "என்ன சொல்றா?" என்று சரத் அதட்டினான். கம்பி வைத்திருந்தவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"அவுனு" என்றாள் ருக்மிணி. குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். "அவுனு, மாவாள்ளே." ஆமாம், எங்க ஆளுதான் என்று. "சேலம் பக்கத்து மலைக்காரி. அவங்க பேச்சு அப்படித்தான் இருக்கும். நான்தான் பயத்துல கத்திட்டேன்."

கூட்டம் கலையவில்லை, ஆனால் கொஞ்சம் தளர்ந்தது. அந்த இடைவெளியில் இருவரும் அவளை இரண்டு பக்கமும் தாங்கிச் செலின் வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். ஜெயகரன் கேட்டைத் திறந்து வைத்திருந்தார். அவர்கள் நுழைந்ததும் பூட்டினார். பின்னாலேயே வந்த கல் ஒன்று ஜன்னலை உடைத்தது. உள்ளே, கூடத்துத் தரையில் உட்கார்ந்து ருக்மிணி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஜமாவே பிள்ளை பிடிக்கிறவளா இருந்தா?" என்றாள். செலினும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தேஜஸ்வினிதான் பேசினாள். "பைக் ஒச்சேசிந்தி. ஆன்ட்டி நன்னு எத்துகுந்தி."

பைக் வந்துவிட்டது, ஆன்ட்டி என்னைத் தூக்கினாள். நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடியிருக்கிறாள். எந்தப் பைக் என்று ஜெயகரன் கேட்டதற்கு, சரத் அண்ணாவின் பைக் என்றாள்.

ருக்மிணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

போலீஸ் ஜீப் வந்தது. அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்பச் செலின் மறுத்துக் கூடவே ஏறினாள். குழந்தையை ஜெயகரனிடம் விட்டுவிட்டு ருக்மிணியும் ஏறினாள். காவல் நிலையத்தில், மௌலா அலிப் பக்கம் கட்டட வேலை செய்யும் ஜார்க்கண்ட்காரர் ஒருவர் மூலம் விவரம் தெரிந்தது. அவள் பெயர் மைனோ. பேசியது சந்தாலி, அந்தப் பக்கத்துப் பழங்குடி மொழி. வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கடைக்குப் போனவள் ஷேர் ஆட்டோ மாறி ஏறி வழி தவறியிருக்கிறாள். ஊரில் தேஜஸ்வினி வயதில் அவளுக்கும் ஒரு மகள்.

"அடிச்சது யாரு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

செலின் தலை குனிந்தாள். சரத்தின் அம்மா செலினின் பிரசவத்துக்குத் துணை இருந்தவள். எதிரெதிர் வாசல்.

ருக்மிணி சொன்னாள். சரத்தின் பெயரையும் இன்னும் இருவர் பெயரையும். பிறகு செலின் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். செலின் நிமிர்ந்து, "ஹவ், ஆமா, அவங்கதான். நானும் பாத்தேன்" என்றாள்.

வழக்கு பதிவானது. சரத் உள்ளே போய் ஜாமீனில் வெளியே வந்தான். சரத் முறுக்கியதில் முறிந்த கை எலும்பு கூடியதும் மைனோ ஊருக்குக் கிளம்பினாள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் செலின். அன்றைய வீடியோ வேறொரு தலைப்போடு சுற்றியது: பிள்ளை பிடிக்கிறவளைக் காப்பாற்றும் கூட்டாளி என்று. செலின் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. சர்ச்சில்கூட ஒருவர் உண்மையா என்று கேட்டார். இரவில் யாரோ கேட்டை உதைத்துவிட்டு ஓடினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் உமாசங்கர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்கே திரும்பினார். போகும்போது ருக்மிணி செலின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் காம்பவுண்டுக்குள்ள போயிடறேன். நீங்க இங்கயே இருக்கணுமேக்கா" என்று அழுதாள்.

இருந்தாள். எதிர்வீட்டு வாசல் அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கேக் திரும்பி வந்தது.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஒரு நாள் காய்கறி வண்டியின் எதிரெதிர்ப் பக்கம் செலினும் சரத்தின் அம்மாவும் நிற்க நேர்ந்தது. அவர்கள் குடும்பம் வாரங்கலிலிருந்து இந்தத் தெருவுக்கு வந்தபோது செலினுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அந்த அம்மாள் கத்தரிக்காயைப் பொறுக்கியபடி, முகம் பார்க்காமல், தெலுங்கில் சொன்னாள்.

"எங்க ஊருக்கு வந்து பொழைச்சுக்கிட்டு, எங்க பிள்ளையையே காட்டிக் கொடுத்துட்டே."

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம், செலினுக்கு நன்றாகப் பழகிய காரியம் அது.

"எனக்கும் இதே ஊருதான் வதினா" என்றாள், எப்போதும்போல் அண்ணி முறை வைத்து. "அதனாலதான் சொன்னேன்."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வண்டிக்காரர் இருவருக்கும் எடை போடும் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.