சாலவாக்கம் பஸ்ஸில் நான் கொடுத்தனுப்பாத துண்டுச்சீட்டு

கோயில், ஏரி பார்க்கக் கிளம்பிய பயணம் இல்லை இது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று திட்டக்கூடாது. காஞ்சிபுரத்தில் எங்களோடு பி.எஸ்சி. வேதியியல் படித்த முப்பத்தாறு பேரும் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டார்கள். ஏழுமலையின் பெயருக்கு எதிரே மட்டும் காலியாக இருந்தது. "உன் செட்டுதானேடா, நீ போய்ப் பார்த்துட்டு வா" என்றார்கள். ஆய்வகத்தில் மூன்று வருடம் ஒரே மேசை, ஒரே பியூரெட். அவனைத் தேடாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அது குழுவில் யாருக்கும் தெரியாது.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வை இரண்டு நாள் முன்னதாக வைத்துவிட்டார்கள். ஏழுமலை நடவுக்காகச் சாலவாக்கம் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்குப் போயிருந்தான். எங்கள் யாரிடமும் செல்போன் இல்லாத காலம். அந்தப் பக்கம் சேதி போகவேண்டுமென்றால் மாலை ஐந்தரை வண்டியின் கண்டக்டர் தேவராஜிடம் துண்டுச்சீட்டு கொடுத்தால் போதும். அவன் தெருக்காரர், வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். சீட்டை எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். வைத்துக்கொண்டு சினிமாவுக்குப் போனேன். தேர்வைத் தவறவிட்டு வந்து நின்றவன் கேட்டபோது, "கண்டக்டர்கிட்ட கொடுத்தேனே" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ளத்தான், இருபத்துநாலு வருடம் கழித்து, போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 6.40க்கு ரயில். வாலாஜாபாத்துக்குப் பதினைந்து ரூபாய், எட்டு மணிக்கு இறங்கிவிட்டேன். இட்லி, வடகறி நாற்பது ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூர் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஐம்பது நிமிடம். அங்கே குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுப் போவதாகத்தான் திட்டம். ஆனால் அந்தச் சாக்கில் அப்படியே திரும்பிவிடுவேனோ என்று என்மேலேயே சந்தேகம். நின்றுகொண்டிருந்த சாலவாக்கம் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் பதினான்கு ரூபாய், பெண்களுக்கு இலவசம்.

ஏழுமலை பெயரைச் சொல்லிக் கண்டக்டரிடம் விசாரித்தேன். "மோட்டார் காயில் கட்றாரே, அவரா? ஏரிக்கர ஸ்டாப்ல எறங்கு சார், எதுத்தாப்புலயே கடை கீது" என்றார்.

ஏழுமலை முதலில் "வாங்க" என்றான். உற்றுப் பார்த்துவிட்டு, "டேய், நீயா! இன்னாடா இப்டி நரைச்சிப் பூட்ட?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அரியர் எழுதவே இல்லையாம். அப்பாவுக்கு முடியாமல் போனதும் தொழிலுக்கு வந்துவிட்டானாம். டீ வந்தது. கையில் தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டே பேசினான். டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன்.

சுற்றின கணக்கு விட்டுப்போயிற்று. கம்பியை முழுக்கப் பிரித்துக் கீழே வைத்தான்.

"பஸ்லயே அவர் சட்டையப் புடிச்சேன்டா. புள்ள மேல சத்தியம் பண்ணாரு, யாரும் எதுவும் குடுக்கலன்னு. என் கூட்டாளி பொய் சொல்லமாட்டான்னு சொல்லிட்டு எறங்கிட்டேன். அதோட ரெண்டு வூட்டுக்கும் பேச்சு இல்ல."

"இப்ப எங்க இருக்காரு?"

"போன ஆடில செத்துப் பூட்டாரு. எங்க வூட்லர்ந்து மூணாவது வூடு. நான் எட்டிக்கூடப் பாக்கல."

ஒரே தெருவில் சாவுக்குப் போகாமல் இருப்பதைவிடப் பெரிய பகை அந்த ஊரில் கிடையாது. அவன் என்னை நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. மன்னிச்சிடுடா என்றேன். "என்னாண்ட கேக்காத, எய்ந்து வா" என்று கடைக் கதவைச் சாத்தினான்.

தேவராஜின் மனைவி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அத்த" என்று கூப்பிட்டுவிட்டு ஏழுமலை என்னை முன்னால் விட்டான். நான்தான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவர் கீரையைப் பார்த்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கடசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. என் கையில குடுத்திருந்தா, குடுக்காம வூட்டுக்கு வருவனான்னு."

உள்ளே கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினார். தேவராஜ் காக்கிச் சட்டையில் இருந்தார். ஏழுமலை குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

துக்கம் விசாரித்த வீட்டில் போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூடாது என்பார்கள். பேசாமல் எழுந்தோம். வாசலைத் தாண்டியதும் அவர் குரல் வந்தது.

"ஏழுமல, வரேன்னு சொல்லிட்டுப் போ நைனா."

அவன் திரும்பி, "போய்ட்டு வரேன் அத்த" என்றான். நானும் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: மதியம் பஸ் குறைவு. 3.10ஐ விட்டால் அடுத்தது நாலே முக்காலுக்குத்தான். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். உத்திரமேரூரிலேயே பழம் வாங்கிக்கொள்ளுங்கள், நான் வெறுங்கையோடு போய் நின்றேன். பார்க்கவேண்டியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே கிளம்புங்கள். போன ஆடிக்கு முன்னால் நான் என்றைக்குப் போயிருந்தாலும் தேவராஜ் இருந்திருப்பார்.

இதை எழுதலாமா என்று பஸ் நிறுத்தத்தில் ஏழுமலையிடம் கேட்டேன். "பஸ்ல அவ்ளோ பேர் பாக்கத்தான்டா அவர் சட்டையப் புடிச்சேன். நீயும் எல்லாரும் பாக்கறாப்புல எழுது, பேர் போட்டு" என்றான். குழுவின் பட்டியலில் அவன் விவரத்தை நிரப்பிவிட்டேன். என்னைப் பற்றிய விவரமாக இந்தக் கட்டுரையைப் போடுகிறேன்.