உறக்கத்தில் சேர்ந்த விழிப்பு நேரம்

கல்லூரியில் என்னைவிட நான்கு மதிப்பெண் கூட வாங்கியவளே என் எதிர் நாற்காலிக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாள். மேல்சித்தாமூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். செஞ்சி கடைவீதி மாடியில் எங்கள் அலுவலகம் ஒரே அறை. சென்னையிலிருக்கும் மேலாளர் போனில்தான் பேசுவார்.

மண்ணின் ஈரத்தை அளந்து அனுப்பும் கருவி ஒன்றுக்கு நாங்கள் நிரல் எழுதினோம். வல்லத்தில் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், அதை நட்டிருந்தோம். அதன் ரேடியோ எவ்வளவு நேரம் விழித்திருந்தது, எவ்வளவு நேரம் உறங்கியது என்று உள்ளிருக்கும் இயங்குதளம் தனித்தனியே கூட்டி வைக்கும். பெரும்பாலும் உறக்கம் என்றது அறிக்கை. பேட்டரியோ நான்கே நாளில் தீர்ந்தது. மூன்று வாரமாக எனக்குக் காரணம் பிடிபடவில்லை.

அவள் வந்த இரண்டாம் நாள், சாப்பாட்டுக்கு முன்பே கூப்பிட்டாள்.

"இத பாருடி. தூங்கிடுச்சுன்னு முதல்ல எழுதிட்டு, அப்புறமா நேரத்தைக் கூட்டுது. அதுவரைக்கும் முழிச்சிருந்த நேரமெல்லாம் தூக்கத்துல போய்ச் சேருது."

அதே வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன்!

மேலாளர் போனில் அவளைப் பாராட்டியபோது எனக்குப் பொறுக்கவில்லை. "போன வாரமே எனக்கு அங்கதான் சந்தேகம் சார்" என்றேன்.

"அப்ப நீங்களே சரி பண்ணிடுங்க."

போனை வைத்ததும் அவள் கேட்டாள்: "தெரியுமா உனக்கு? சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சமாயிருக்குமே." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அவளிடம் எதுவும் கேட்காமல் அந்த இடத்தை மட்டும் திருத்தினேன். திங்கட்கிழமை வந்த அறிக்கைப்படி ரேடியோ ஒரு நொடிகூட உறங்கவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றார் மேலாளர். அவள் என்னைக் காட்டிக் கொடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் சுட்டது.

"எனக்கு முன்னாடியே தெரியாது சார். பொய் சொன்னேன். கண்டுபிடிச்சது அவதான்."

"ரெண்டு பேரும் சேந்து முடிங்க" என்று மேலாளர் போனை வைத்துவிட்டார்.

"நவுருடி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் அவள். "எழுப்புற இடத்துலயும் இதே தப்பு இருக்குது. அங்க தூங்குன நேரம் முழிப்புல சேருது."

இரண்டையும் திருத்தியதும் கணக்கு நேரானது. ரேடியோ நாளெல்லாம் விழித்தே கிடந்திருக்கிறது. அதை உறங்கவிடாமல் செய்தது எது என்பதையும் மறுநாள் அவள்தான் பிடித்தாள்.

"நல்லா பண்ணேடி" என்று சொல்ல எனக்கு இன்னும் ஒரு நாள் பிடித்தது.