முதலியார்பேட்டை என்று காட்டுகிறது

யாரையும் நம்ப வைக்க இதை எழுதவில்லை. நம்ப வைக்க முயன்றே சலித்துவிட்டேன். நடந்ததை, நடந்த வரிசையில் சொல்கிறேன்.

போன வருடம், 2006 நவம்பர். வேதியியல் முடித்துவிட்டு, தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய அனுமதி அது. முதல் சம்பளத்தில் ஒரு பழைய போனும் புது சிம்மும் வாங்கினேன்.

எந்த டவரில் இருக்கிறோமோ அந்த இடத்தின் பெயர் போனில் தெரியும் அல்லவா? கம்பெனியில் தட்டாஞ்சாவடி. வீட்டில் முதலியார்பேட்டை. அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

ஒரு மாலை, ஆறு நாற்பதுக்கு மிஸ்டு கால் வந்தது. இரண்டு ரிங். 0413 என்று தொடங்கும் நம்பர். பாண்டி நம்பர், உள்ளூர்தான்.

எங்கள் வீட்டில் ஒரு ரிங் என்றால் ‘கிளம்பிவிட்டேன்’. இரண்டு ரிங் என்றால் ‘பஸ் ஸ்டாப்புக்கு வாங்க’. காசு மிச்சம் பிடிக்கும் எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது கணக்கு இருக்கும். தெரிந்தவர்கள் யாரோ என்று திரும்பக் கூப்பிட்டேன்.

எடுத்தார்கள். பேச்சு இல்லை. மழைச் சத்தம். லாரி ஒன்று கடந்தது. பிறகு, டங்... காசு விழும் சத்தம்.

துண்டானது. போனில் இருந்த பேலன்ஸ் முழுவதும் காலி.

சிம் விற்ற பிரேம்குமாரிடம் போனேன்.

“ஏமாத்து வேலைங்க. மிஸ்டு கால் குடுத்து நம்மளக் கூப்பிட வச்சி உறிஞ்சிடுவானுங்க. ஊரே பேசுது. கண்டுக்காம விடுங்க.”

“பாண்டி நம்பராச்சே?”

அடுத்த ஆளுக்கு ரீசார்ஜ் போடத் திரும்பிவிட்டார்.

மறுநாள் அதே நேரம், அதே இரண்டு ரிங். அதற்கடுத்த நாளும். கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்தேன். அப்படி ஒரு அழைப்பு எனக்கு வந்ததாகப் பதிவே இல்லை என்றார்கள்.

அப்பாவின் கண்ணில் பட்டது.

“யாருடி அவன்?”

“தெரியலப்பா.”

“தெரியாதவன் தெனம் கரெக்டா இதே நேரத்துக்கு அடிப்பானா?”

“கூட வேலை செய்யற பையனா?” என்றார் அம்மா. “நம்ம மாதா கோயில் ஆளுன்னா சொல்லுடி. விசாரிக்கலாம்.”

“ஐயோ, அம்மா!”

ஆண்களிடம் மணி கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். என்ன சொல்லியும் எடுபடவில்லை. இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட வேண்டும் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அன்று ஆத்திரத்தில் அழுதேன்.

அடுத்த அழைப்பின்போதுதான் கவனித்தேன். போன் அடிக்கும்போது திரையில் பெயர் மாறியது.

கனகசெட்டிக்குளம்.

நான் வீட்டுக்குள் இருந்தேன். அது ஊரின் வடக்குக் கோடி. மழை நாளில் தூரத்து டவர் பிடித்திருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள், அதற்குத் தெற்கே காலாப்பட்டு.

அதற்கு மறுநாள், டவுனை ஒட்டிய முத்தியால்பேட்டை.

ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அதற்குள் பெயர் பழையபடி ஆகியிருந்தது.

“எனக்கே படம் காட்டறியா? மொதல்ல எந்த ஊர் காட்டுச்சி? வண்டில ஏறு. அவன் மூஞ்சியப் பாக்கறேன்.”

ஞாயிறு பூசை முடிந்ததும் கனகசெட்டிக்குளம் போனோம். பஸ் ஸ்டாப் அருகே கொட்டகையில் கமலா என்ற அம்மாள் டீ விற்றுக்கொண்டிருந்தார். அப்பா நம்பரைக் காட்டினார்.

“இதுவா? எங்க கடை ஒரு ரூபா போனாச்சே. ரோடு அகலம் பண்றப்ப கடையே போச்சி. லைன் கட்டாயி வருஷம் ஆவுது.”

“எம் பொண்ணுக்குத் தெனம் வருதும்மா.”

அவர் என்னைப் பார்த்தார்.

“எத்தினி ரிங்கு?”

“ரெண்டு.”

டீ வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

சரிதா என்று ஒரு பெண். டவுனிலிருந்து இங்கே இறால் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள். ஒரு மழை நாளில் பஸ் வரவில்லை. கைபோனில் சார்ஜ் இல்லை. கமலாம்மாள் கடையிலிருந்து தன் அப்பா கலியமூர்த்திக்கு இரண்டு ரிங் விட்டாள். எடுக்காவிட்டால் காசு திரும்பி வந்துவிடும்.

தெரியாத நம்பர். ஏமாற்றுக்காரன் என்று அவர் விட்டுவிட்டார்.

அவள் இருட்டில் நடக்க ஆரம்பித்தாள். லாரி...

“அதே நம்பருக்கு நான் அடிச்சிக்கிட்டே இருந்தேம்மா. எடுக்கவே இல்ல அந்த மனுசன். அப்புறம் போனையே தூக்கிப் போட்டுட்டாராம். எனக்கு இன்னும் மனப்பாடம்.”

சொன்னார். ஒவ்வொரு எண்ணாக.

என் நம்பர். அவர் விட்டதைத்தான் எனக்குப் புது சிம் என்று விற்றிருக்கிறார்கள்.

அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. “எங்கம்மா அடிபட்டுச்சி?”

“காலாப்பட்டுக்கு இந்தாண்டயே. அத்தத் தாண்டல பாவம்.”

போனில் கடைசியாக வந்த பெயர் முத்தியால்பேட்டை.

தாண்டியிருக்கிறாள்.

அன்று மாலை போனை மேசைமேல் வைத்துவிட்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆறு நாற்பது. இரண்டு ரிங்.

பெயர் மாறவில்லை. முதலியார்பேட்டை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, “போச்சி, விட்டுடுச்சி” என்றார்.

எனக்குத்தான் உறைத்தது.

அது எங்கள் டவர்.

அப்பா இப்போது ‘யாருடி’ என்று கேட்பதில்லை. வேலையை விடச் சொல்வதும் இல்லை. சிம்மை உடைத்துப் போடலாம் என்றால், “இன்னொரு தபா யாரும் எடுக்காமப் போவணுமா?” என்கிறார். வாசல் விளக்கை விடியும்வரை அணைப்பதில்லை.

இன்றும் அடித்தது. முதலியார்பேட்டை என்றுதான் காட்டுகிறது.

எந்தத் தெரு என்று போன் காட்டாது.