தறி ஓடும்போது கேட்கிற பெட்டி

எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்கப் போன அன்று, சத்தம் எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க, அப்பா அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். சேலத்தில் அந்தக் கடைக்காரர் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருப்பார். இப்படி ஒருவரைப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரிலும் ஒரு கதவு. அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. உள்ளே நான்கு விசைத்தறிகள். முதலாளி கொடுக்கும் பாவு நூலை வாங்கி வந்து கூலிக்கு நெய்து கொடுப்பதுதான் தொழில். அப்பாவும் அம்மாவும் மாறி மாறித் தறி பார்ப்பார்கள். எங்கள் வீட்டுத் தறி நின்றாலும் பக்கத்து வீட்டுத் தறி நிற்காது. அந்தக் கடகடப்பில்தான் நாங்கள் பிறந்தோம், தூங்கினோம், வாய்ப்பாடு படித்தோம்.

அதனால் எங்கள் தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் ஒரு வித்தை தெரியும். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவோம். பட்டறையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு அம்மா உதட்டை அசைத்தால், இந்தக் கோடியில் இருக்கும் நான் ஓடிப்போய் அடுப்பை அணைப்பேன். தொலைக்காட்சியில் மாமியாரும் மருமகளும் என்ன சண்டை போடுகிறார்கள் என்பதும் முக்கால்வாசி புரிந்துவிடும். பாட்டு மட்டும்தான் இந்த வித்தைக்கு மசியாது. வார்த்தையைப் படித்துவிடலாம், ராகத்தைப் படிக்க முடியாது.

அம்மாவுக்கு அப்படி ஒரு குறை இருந்தது என்பதே வாழப்பாடியில் இருந்த மாமா வீட்டுக்குப் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமா அம்மாவின் தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒயர் ஓடுகிற சாமான் எதைப் பற்றியும் அவர் பேசினால் நாம் கேட்க வேண்டும், அப்படி ஒரு ஞானம். அவர் வீட்டில் ஹோம் தியேட்டர் இருந்தது. பண்டிகைக்குப் போன இடத்தில் அதில் பாட்டுப் போட்டார்கள். வெங்காயம் உரிக்க உட்கார்ந்த அம்மா உரிப்பதை மறந்துவிட்டாள். பாதி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு மாற மாற அப்படியே உட்கார்ந்திருந்தாள். அத்தை வந்து முறத்தை எடுத்துப் போனதுகூடத் தெரியவில்லை. வாசலில் நின்று அப்பா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில், “பாட்டுன்னா அவ்வளவு புடிக்குமா புள்ள?” என்று கேட்டார்.

“நம்மூட்ல எங்கீங்க கேக்குது?” என்று சொல்லிவிட்டு அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா அப்போதே எதையோ முடிவு செய்துவிட்டார். அந்தத் தீபாவளிக்கு முன்னால் பாவு நிறைய வந்தது. இருவரும் தூக்கத்தை விட்டு நெய்தார்கள். செலவெல்லாம் போகக் கையில் கொஞ்சம் நின்றது. “ஒரு பாட்டாச்சும் முழுசா உனக்குக் கேக்க வெச்சுப்போடறேன்” என்றார் அப்பா. அம்மா வேண்டாம் என்று வாயால் சொன்னாள். அவள் முகம் வேறொன்றைச் சொன்னது.

கடைக்கு மாமாவும் வந்துவிட்டார். அவர் இல்லாமல் நாங்கள் வாங்கிவிட்டால் ஏமாந்துவிடுவோமாம். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடை. கண்ணாடிக் கதவு போட்ட குளுகுளு அறைக்குள் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவ்வளவு நிசப்தத்தில் நான் அதற்குமுன் நின்றதில்லை.

சீருடை போட்ட ஒரு அக்கா எங்களுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். முதலில் ஐந்து ஸ்பீக்கர் வைத்தது. மாமா உடனே அதன் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

“மாமா, இதை எடுங்க. படத்துல மழை பேஞ்சா உங்க முதுகுக்குப் பின்னாடி பெய்யும்.”

“முதுகுக்குப் பின்னாடி எதுக்கு மாப்ள மழை? அங்க தறிதானே இருக்குது” என்றார் அப்பா. விலையைக் கேட்டதும் அந்த மழையும் நின்றுவிட்டது.

இரண்டாவது, இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு அடக்கமான வூஃபரும். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த அக்கா அதில் போட்ட பழைய பாட்டை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு பெண் குரல். பாடுகிறவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விலை எங்கள் கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. பாட்டு முடிந்ததும், “இது நல்லாருக்குதுங்க” என்றாள். அம்மா தனக்கென்று ஒன்றைக் கை காட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பா தாடையைச் சொறிந்தார். “இந்த ரூமுக்குள்ள எதைப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். நம்மூட்ல கேக்கோணுமே.”

“உங்க ரூம் எவ்வளவு பெருசு சார்?” என்று அந்த அக்கா கேட்டார்.

“ரூமை உடுங்க கண்ணு. தறி ஓடறப்போ கேக்கோணும். அதுதான் அளவு.”

அந்த அக்காவுக்கு இந்த அளவு புரியவில்லை. எப்படி விளக்குவது என்று அப்பா திணறிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. மின்வெட்டு தாராளமாக இருந்த காலம் அது. கடையின் பின்பக்கம் ஜெனரேட்டர் முக்கி முனகி ஓட ஆரம்பித்தது. அதைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! தொலைந்த மாடு கிடைத்த மாதிரி எழுந்து நின்றார். “அதுக்குப் பக்கத்துல வெச்சுப் போட்டுக் காட்டுங்க!”

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அப்பா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வியாபாரம் மந்தமோ, வேடிக்கை பார்க்கும் ஆசையோ, ஒப்புக்கொண்டார். பெட்டிகளைப் பின்கட்டுக்குத் தூக்கி வந்து ஜெனரேட்டருக்கு எதிரில் வைத்தார்கள்.

முதலில் அம்மா விரும்பிய பெட்டி. அந்தப் பெண் குரல் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. விளக்கு மட்டும் எரிந்தது. அடுத்து, மூலையில் கிடந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். உள்ளூரிலேயே யாரோ சேர்த்துக் கட்டியது, என் இடுப்பு உயரம், முன்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு. அதைப் போட்டதும் தரை அதிர்ந்தது. என் பாவாடை அதிர்ந்தது. ஜெனரேட்டரையும் மீறிக்கொண்டு திம் திம் என்று அது கேட்டது.

மாமாவும் அந்த அக்காவும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. அப்பாவும் அம்மாவும் மட்டும் ஆளுக்கொரு பக்கம் நின்று, வீட்டில் பேசுவதுபோல நிதானமாக உதட்டால் பேசிக்கொண்டார்கள். நான் நடுவில் நின்று படித்தேன்.

“எனக்கு அதுதானுங்க புடிச்சுது.”

“அது நம்மூட்ல கேக்காது புள்ள. பாத்தியல்லோ.”

அம்மா அந்தச் சின்னப் பெட்டியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “செரி, கேக்கறதே எடுங்க” என்றாள்.

அப்படித்தான் அந்தக் கறுப்புப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமா பேருந்தில் வாழப்பாடிக்குப் போகும் வரை அந்த ஐந்து ஸ்பீக்கருக்காகத் துக்கம் அனுசரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வீட்டில் அதைத் தறிப்பட்டறைக் கதவுக்கு நேராக வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, சூடம் காட்டி, அப்பா பாட்டைப் போட்டார். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டதா என்றால், கேட்டது. திம் திம் மட்டும் கேட்டது. ஐந்தாவதாக ஒரு தறி வாங்கிப் போட்ட மாதிரி இருந்ததே தவிர, பாட்டு எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அப்பா கதவருகில் நின்று, “கேக்குதா?” என்று உதட்டால் கேட்டார். தறிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அம்மா, “நல்லாக் கேக்குதுங்க” என்றாள். உதட்டில் பொய்யும் மெய்யும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, தறி ஓடாதபோது கேட்கலாமே என்றால், அங்கேதான் எங்கள் கணக்கு இடித்தது. எங்கள் தெருவில் தறி நிற்பது கரண்டு போனால் மட்டும்தான். கரண்டு போனால் பெட்டியும் நின்றுவிடும். கரண்டு வந்ததும் நான் பெட்டியின் பொத்தானுக்கு ஓடுவேன். அதற்குள் தெரு முழுக்கத் தறிகள் கிளம்பிவிடும். வீட்டில் இவ்வளவு பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு இப்படியா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் இருந்த பிள்ளையாரிடம், கொஞ்ச நாளைக்குத் தறி எல்லாம் நிற்கட்டும், கரண்டு மட்டும் இருக்கட்டும் என்று தெளிவாக வேண்டிக்கொண்டேன். தெளிவாகச் சொல்லாவிட்டால் அவர் இரண்டையும் நிறுத்திவிடுவாரோ என்ற பயம்.

பிள்ளையார் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பொங்கல் முடிந்து சில வாரங்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருவே அமைதியாக இருந்தது. காக்கை கத்துவது கேட்டது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. எங்கள் வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது! நூல் விலை ஏறிவிட்டதாம், முதலாளிமார் பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார்களாம், எப்போது கொடுப்பார்கள் என்று தெரியாதாம். இதெல்லாம் என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியின் பொத்தானைத் திருகினேன்.

அடேயப்பா, என்ன சத்தம்! தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். ஆடினோம். என் சிறுவயதில் அதைவிடச் சந்தோஷமான நாட்கள் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தறியை ஜெயிப்பதற்காக வாங்கிய பெட்டிக்கு மெதுவாகப் பாடத் தெரியாது. எவ்வளவு குறைத்தாலும் தெருமுனை வரை கேட்கும்.

அம்மா பட்டறையில் இருந்து வேகமாக வந்தாள். “கொறைச்சு வெய்யி சாமி. ஊரே தறியை நிறுத்திப்போட்டு உக்காந்திருக்குது, நம்மூட்ல மட்டும் கச்சேரியா? என்ன நினைப்பாங்க?”

“இதுக்கு மேல கொறையாதும்மா.”

அவள் உள்ளே போய், மடித்து வைத்திருந்த ஜமக்காளத்தை எடுத்து வந்து பெட்டியின் மேல் போர்த்தினாள். அது போதாமல் இன்னொரு போர்வையும் போர்த்தினாள். மறுநாள் நான் போர்வையை எடுப்பேன், அவள் போர்த்துவாள். இப்படியே போனது. அப்பா ஓடாத தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கு இழை ஓட்டும் நாடாக் கட்டைகள் சுத்தமாக இருந்தும் அவற்றையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். “நல்லாக் கேக்குதுல்லப்பா?” என்று கேட்டால், “நல்லாக் கேக்குது சாமி” என்பார். திரும்பிப் பார்க்க மாட்டார்.

மாமா ஒருநாள் வந்தார். தோளில் ஒரு அரிசி மூட்டை. போர்வை போர்த்திய பெட்டியைப் பார்த்து, “ஏனக்கா, பெட்டிக்குக் காய்ச்சலா?” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மாமாவும் அந்த ஐந்து ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மூட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போனார். வரும்போதெல்லாம் மிக்சர் வாங்கி வருகிறவர் இந்தத் தடவை போயும் போயும் அரிசியை வாங்கி வந்திருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் வருத்தம்.

பிறகு ஒரு மாலையில், கடையில் கேட்ட அந்தப் பெண் குரலின் பாட்டு எங்கள் பெட்டியின் ரேடியோவில் வந்தது. நான் போர்வையை உருவினேன். பாட்டு பாதிகூடப் போகவில்லை, வாசலில் டெம்போ வந்து நின்றது. பாவு வந்துவிட்டது. அப்பா எழுந்து ஓடிய வேகத்தில் பெட்டியின் ஒயர் காலில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. அவர் நின்றுகூடப் பார்க்கவில்லை. பாவு ஏற்றி, இழை பிணைத்து, மறுநாள் முதல் தறி ஓடியது. பிறகு ஒவ்வொன்றாக நான்கும். தெருவும் பழையபடி கடகடத்தது.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அம்மாவிடம் முறையிடலாம் என்று பட்டறைக் கதவுக்குப் போனேன். அவள் மூன்றாவது தறியருகில் நின்று, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். உதடு அசைந்தது. என்னைத்தான் ஏதோ சொல்கிறாள் என்று உற்றுப் படித்தேன். என்னிடம் இல்லை. அந்தப் பாட்டு. அன்று பாதியில் நின்ற இடத்தில் இருந்து, ஒரு வரி விடாமல், தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, அம்மா பாடிக்கொண்டிருந்தாள். தறி நின்றிருந்த அத்தனை நாளில் ஒரு வரியை முணுமுணுத்தவள் இல்லை. எதிரில் நின்ற அப்பாவும் உதட்டைப் படித்துச் சிரித்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டுக் கேட்கிற நாளில் வாயை மூடிக்கொண்டு பெட்டியைப் போர்வையால் போர்த்திவிட்டு, யார் காதிலும் விழாத இன்றைக்குப் போய் இப்படிப் பாடுகிறாளே, அம்மாவுக்குப் பாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, போர்வையை மடித்து வைத்தேன்.