ஒன்பதாம் கேள்விக்கு நான் எழுதிய பதில்

சகோதர சகோதரிகளே, சிக்கிக்கொள்வது என்றால் என்னவென்று 1966இல் கண்டேன். இருக்கவும் வழியில்லை, போகவும் வழியில்லை. அதிலிருந்து என்னை வெளியே எடுத்தவரைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்னையில் பொறியியல் படித்துவிட்டு, சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவன் நான். சேற்று மண்ணின் மேல் அடுக்குமாடி எழுப்பினால் அது எவ்வளவு அமுங்கும் என்று அளப்பது என் வேலை. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நானும் மனைவி ஸ்டெல்லாவும் குடியிருந்தோம். சனிக்கிழமை ஆனால் அக்கம்பக்கத்தார் குடிநுழைவுப் படிவங்களோடு வந்துவிடுவார்கள். எந்த விதி, எந்த முத்திரை, எந்த கவுண்டர் எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது ஊருக்கும் தெரியும். தெரியும்படி நான்தான் பார்த்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவனின் நிரந்தரவாச மனு இரண்டு முறை திரும்பி வந்தது. காரணம் எழுதவில்லை. என் வேலை அனுமதியோ மாதக் கடைசியில் முடிகிறது. ஊருக்குப் போகலாம் என்றால் ஸ்டெல்லாவுக்கு எட்டாம் மாதம். கப்பலில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். அந்த விதியும் எனக்கு முன்பே தெரியும்.

"ஊரார் ஃபாரமெல்லாம் பாஸ் ஆகுது. உங்களது மட்டும் ஏங்க திரும்பி வருது?" என்றாள் ஸ்டெல்லா. நகலை எடுத்து முதலிலிருந்து படித்தேன்; எல்லாம் சரியாகவே பட்டது.

ஜெபிக்காமல் இல்லை. ஆனால் என் ஜெபமும் மனு மாதிரிதான்: இன்ன தேதிக்குள், இன்ன அதிகாரி மூலமாக. கர்த்தருக்கே நடைமுறை சொல்லிக்கொடுத்தேன்.

கடைசி வாரத்தில் ஒரு காலை, குடிநுழைவு அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாதம் எதுவும் மிச்சமில்லை. கண்ணை மூடி, "ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை" என்றேன். ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

வழக்கமாக நான் சண்டை போடும் கிராணி, அதாவது கவுண்டர் குமாஸ்தா, அன்று லீவு. அவர் இடத்தில் வயதான யாழ்ப்பாணத்தார் ஒருவர் இருந்தார்.

"என்ன தம்பி பிரச்சினை?"

"எனக்குத் தெரியலைங்க ஐயா."

அந்த கவுண்டரில் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் மனுவைப் புரட்டினார். ஒன்பதாம் கேள்வியில் விரல் நின்றது: உங்கள் வேலை எவ்வளவு காலத்துக்குத் தேவைப்படும்?

"ரெண்டு வருசம் எண்டு நீரே எழுதியிருக்கிறீர். பிறகேன் காலம் முழுக்க இருக்கக் கேக்கிறீர்?"

"ஒப்பந்தம் ரெண்டு வருஷம்தாங்க."

"ஒப்பந்தத்தை ஆர் கேட்டது? ரெண்டு வருசத்தில மண் அமுங்கி முடியுமோ?"

"இருபது வருஷமானாலும் முடியாதுங்க. அளந்துகிட்டே இருக்கணும்."

"அதையெல்லோ எழுத வேணும்! படிச்ச ஆள்தானே நீர்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரே உள்ளே போய்ப் பேசி, அனுமதியை இரண்டு மாதம் நீட்டித்து வாங்கித் தந்தார். நான் ஆய்வுக்கூடத்தை நடத்திய பேராசிரியரிடம் கடிதம் வாங்கி, மனுவைத் திருத்தி எழுதினேன். மகள் கிருபா பிறந்த மூன்றாம் நாள் நிரந்தரவாசம் கிடைத்தது.

மறு வாரம் நன்றி சொல்லப் போனேன். அவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டிருந்தார். என் பழைய எதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்கே நன்றி சொன்னேன். பயந்துபோனார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றும் படிவத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். நிரப்பித் தருகிறேன். பேனாவை எடுக்கும் முன் சேர்ந்து ஜெபிக்கிறோம். நீங்களும் வாருங்கள். தெரிந்ததையெல்லாம் வாசலில் விட்டுவிட்டு, தெரியவில்லை என்று கர்த்தரிடம் சொல்லிப் பாருங்கள்.